போதும் என்று யார் சொல்வது?

பொன்னைக் கொடுத்தாலும் பூமியைக் கொடுத்தாலும் வாங்குகிறவன் மனம் இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்கும். சோறு போட்டால் மட்டுமே ஒரு கட்டத்தில் அவன் இலைக்கு மேல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "போதும், போதும்" என்று அலறுவான் என்று அன்னதானத்தின் பெருமையைச் சொல்வார்கள். எத்தனையோ கல்யாணப் பந்திகளில் இந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். இதை முதலில் சொன்ன மகானுபாவர் யாராக இருந்தாலும் சரி, அவர் லாப்ரடார் ஜாதி நாய் வளர்த்தவராக இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. பெயர் ஜூலி. அப்பா காலமான பிறகு அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தம்பி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன குட்டி. இப்போது அதற்கு ஆறு வயது. சென்ற வருஷம் வரை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஒரே மாதிரித்தான் வியந்தார்கள். "கன்னுக்குட்டி மாதிரி இருக்குதே, என்ன சாப்பாடு போடறீங்க?" என்பார்கள். அம்மாவின் முகம் மலர்ந்து போகும். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். நம் பாஷையில் பருமனுக்கு உள்ள வார்த்தைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: புஷ்டி, வாட்டசாட்டம், கொழுகொழு, பூசினாற்போல். எல்லாமே பாராட்டு. "இளைத்துப் போய்விட்டாயே" என்பதோ துக்கம் விசாரிக்கிற பேச்சு. பல தலைமுறை பசித்திருந்தவர்களின் பாஷை வேறு எப்படி இருக்கும்?

சித்திரை மாதத்து மாலை ஒன்றில் ஜூலி தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறுகிற மூன்று படிகளில் இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டது. நாக்கு ஒரு சாண் வெளியே தொங்க, விலா புடைக்கப் புடைக்க மூச்சு வாங்கிற்று. கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறதே தவிர எழுந்திருக்கவில்லை. காலில் முள் குத்தியிருக்கும் என்று நினைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனேன். டாக்டர் இளம் பெண். முள்ளைத் தேடவில்லை, நேரே எடை மெஷின் மேல் ஏற்றினார். 42 கிலோ.

"இந்த உடல்வாகுக்கு 30 கிலோ இருந்தால் போதும், சார்" என்றார்.

பிறகு என் கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கை கீழே இருக்கும்படி நீட்டினேன். புறங்கையில் விரல்களின் அடி எலும்புகளை மற்றக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. "நல்ல எடையில் இருக்கிற நாயின் விலா எலும்பு இப்படித்தான் தட்டுப்படணும். கையை முஷ்டியாக மடக்கி முட்டியைத் தடவினால் எப்படித் துருத்துகிறதோ, அப்படி இருந்தால் நாய் மெலிந்திருக்குன்னு அர்த்தம். இப்போ கையைத் திருப்பி, உள்ளங்கைச் சதையை அழுத்திப் பாருங்க. எலும்பு கிடைக்குதா? இப்போ ஜூலியைத் தொடுங்க."

தொட்டேன். உள்ளங்கைச் சதைகூட அத்தனை மெத்தென்று இராது. விலா எங்கோ ஆழத்தில் இருந்தது.

மேலேயிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் உடம்பு சற்றுக் குறுகி இடை தெரிய வேண்டுமாம். பக்கவாட்டில் பார்த்தால் மார்புக்குப் பின் வயிறு தொடையை நோக்கி மேலே ஏற வேண்டுமாம். ஜூலிக்கு இரண்டும் இல்லை. மேலேயிருந்து பார்த்தால் வைக்கோல் திணித்த மெத்தை. பக்கவாட்டில் பார்த்தால் நேர்கோடு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் நாலும் ஐந்தும் லட்சணமான உடம்பு. ஜூலிக்கு எட்டு கிடைத்தது. இருபது வருஷமாகக் கதாநாயகிகளின் இடையை வர்ணித்துச் சன்மானம் வாங்கியவன் நான். என் காலடியில் படுத்திருக்கிற நாய்க்கு இடையே இல்லாமற் போய்விட்டதை இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தினமும் பார்க்கிற உருவம் கண்ணில் படுவதில்லை.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டாலும் நாய் இப்படிப் பருத்துவிடும் என்பதால் அதையும் பார்த்தார்கள். சுரப்பியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு கிண்ணத்தில்தான். கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு நாயின் உடம்புக்கு வேண்டிய சாப்பாடு குறைந்துவிடுகிறது, நாங்கள் குறைக்கவில்லை. இந்தக் கனம் ஏறி உட்கார்ந்தால் மூட்டுகள் சீக்கிரம் தேயும், மூச்சு திணறும், நம் ஊர் வெயில் தாங்காது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு, "வீட்டில் யார் சாப்பாடு போடறாங்க?" என்று கேட்டார்.

"எங்கம்மா" என்றேன், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும் ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்றார். வாரத்துக்கு நூற்றில் ஒரு பங்கு எடை குறைந்தால் போதும், அவசரம் கூடாது என்றும் எச்சரித்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள், என் வாழ்க்கையில் பிரசுரகர்த்தர்களோடு போட்ட சண்டைகளெல்லாம் அற்பமாகத் தோன்றிவிட்டன.

"ஏய்யா, வாயில்லா ஜீவன் வயித்துல அடிக்கச் சொல்லுதியா?" என்றாள் அம்மா.

வாயில்லா ஜீவன் என்ற சொல்லை யோசித்துப் பார்க்கிறேன். ஜூலியைப் பொறுத்தவரை, இந்தத் தகராறு முழுவதும் அதன் வாயினால் வந்தது. ஆனால் அம்மா சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது. வாய் சாப்பிட இருக்கிறது, சொல்ல இல்லை.

அம்மா கரிசல் காட்டுக்காரி. அவளுடைய தகப்பனார் வீட்டில் முயல் பிடிக்கிற சிப்பிப்பாறை நாய் ஒன்று இருந்ததாம். கம்பங்கூழும் கேப்பைக்களியும் அதற்கு ஆகாரம். அதன் விலாவை எண்ணிவிடலாம் என்பாள். அந்த ஜாதி நாய்க்கு விலா லேசாகத் தெரிவதுதான் இலக்கணம். ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. ஆனால் அம்மாவின் ஞாபகத்தில் அது வேட்டை நாயின் விலாவாக இல்லை. இல்லாத வீட்டின் விலாவாக இருக்கிறது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றவள், தன் கையில் நெல்லுச்சோறு வந்த பிறகு தன் வாசலில் கிடக்கிற ஜீவனுக்கு விலா தெரியச் சம்மதிப்பாளா?

"சோறு தின்ன நாய்தானய்யா நம்ம ஊர் நாயெல்லாம்" என்றும் சொன்னாள். அதுவும் பொய்யில்லை. ஓநாயைவிட நாய்க்கு மாவுப் பண்டத்தைச் செரிப்பதற்கான ஜீன் அதிகப் பிரதிகள் உண்டு என்று 2013-ஆம் வருஷம் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் கண்டு எழுதினார்கள். மனிதன் பயிர் செய்யத் தொடங்கியபோது, அவன் மிச்சம் வைத்ததைத் தின்று தின்றே நாயின் குடலும் நம் வழிக்கு வந்திருக்கிறது. சோறு விஷமல்ல. அதன் அளவும், அதன் மேல் ஊற்றின நெய்யும்தான் வழக்கில் இருந்தன.

ஆனால் அம்மாவின் கடைசி வாதத்துக்கு என்னால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

"எனக்குச் சர்க்கரைன்னு எல்லாத்தையும் நிறுத்திட்டீங்க. சரி, எங்காலம் முடிஞ்சது. அதாவது தின்னுட்டுப் போகட்டுமே. ரெண்டு நாள் கொறச்சு இருந்தாலும் வயிறு நெறஞ்சு இருந்துட்டுப் போகட்டும்."

தான் தின்ன முடியாத நெய்ச்சோற்றை அவள் ஜூலியின் வாய் வழியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அளவு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தபோது இரண்டு பேருடைய தட்டிலிருந்து ஒரே சமயத்தில் எடுத்தேன்.

அம்மா மறுநாள் முதல் டம்ளரில் அளந்து போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள். மூன்று வாரம் கழித்து ஜூலியை எடை மெஷினில் ஏற்றினோம். ஒரு கிலோவாவது இறங்கியிருக்க வேண்டும். 200 கிராம்கூட முழுதாக இறங்கவில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. "நோட்டை நல்லாப் பாருங்க, சார்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீ ஒளிச்சு வச்சுப் போடுதியாம்மா? அதைக் கொன்னுட்டுத்தான் நிப்பியா?" என்று கத்திவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றிரவு என் மேஜை மேல் அந்த நோட்டு திறந்து கிடந்தது. அம்மாவின் பத்தி இருந்தது. அளந்த டம்ளர்கள், நாள்வாரியாக. என் மனைவியின் பத்தியில் சப்பாத்தி ஓரங்கள், தேங்காய்ச் சில்லு. என் பத்தி மூன்று வாரமாகக் காலி. அதற்குக் கீழே மனைவி தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "எழுத்தாளர் ஐயா - மேரி பிஸ்கட், நேற்று 11, இன்று 10." மேஜை இழுப்பறையைத் திறந்து, கிழிந்த பொட்டலத்தையும் எடுத்து மேலே வைத்திருந்தாள்.

நான் பொய் சொல்ல நினைத்து மறைத்ததில்லை. அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இரவு ஒன்பது மணிக்கு நான் எழுத உட்காருவேன். ஜூலி வந்து முழங்கால் மேல் மோவாயை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். பகல் முழுவதும் அடைத்த கேட்டுக்குள் கிடந்த பிராணி, வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் இழுப்பறையைத் திறப்பேன். ஒரு பிஸ்கட் போட்டால் கால் மணி நேரம் படுத்திருக்கும். அரைப் பக்கம் ஓடும். மறுபடியும் மோவாய், மறுபடியும் இழுப்பறை. ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி. பத்து என்றால் 250. டாக்டர் நாள் முழுவதற்கும் எழுதிக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குக்கு மேல் என் இழுப்பறையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. தின்பண்டமெல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

அம்மா கொடுத்தது பாசத்தினால். நான் கொடுத்தது வாயை அடைக்க. என் நேரத்தைக் கேட்டு வந்த ஜீவனுக்கு மாவையும் சர்க்கரையையும் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அதுவும் வாலை ஆட்டி வாங்கிக்கொண்டதால், எனக்கு ஈகைக் குணம் உண்டென்ற திருப்தியும் சேர்ந்து கிடைத்தது. வெளியூர் உத்தியோகத்திலிருந்து மாசா மாசம் பணம் அனுப்பிவிட்டு வந்து பார்க்காத பிள்ளைகளைப் பற்றி இரண்டு நாவல் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போய்யா, போ" என்றாள். மன்னித்தாளா என்று தெரியாது.

அவளுடைய கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. வயிறு நிறைந்த குறைந்த ஆயுள் மேலா, அளந்து தின்ற நீண்ட ஆயுள் மேலா? இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாகச் சாப்பாடு போட்டு ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியாயிற்று. அதிகம் தின்றவற்றின் நடு ஆயுள் 11.2 வருஷம், குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் அவற்றுக்குத் தள்ளிப் போயிற்று. ஆகவே அம்மா நினைத்ததுபோல் "ரெண்டு நாள்" பேரமல்ல இது. ஏறக்குறைய இரண்டு வருஷம். அதுவும் கால் வலிக்காத வருஷம். நாயின் இரண்டு வருஷம் என்றால் நம் கணக்கில் பத்துக்கு மேல்.

இந்த இடத்தில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பிறகு வேறொன்றைப் படித்தேன். ஜூலி எப்போதும் பசித்த கண்ணோடு பார்ப்பது பேராசை, பழக்கதோஷம் என்றுதான் அதுவரை வைத்திருந்தேன். 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு ஒரு ஜீனில் ஒரு துண்டு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்த சேதியை மூளைக்குச் சொல்வதில் பங்குள்ள ஜீன் அது. 2024-ல் மேலும் சோதித்துச் சொன்னார்கள்: அந்தக் குறையுள்ள நாய்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் மற்றவற்றைவிடப் பசி அதிகம், ஓய்வில் இருக்கும்போது அவற்றின் உடம்பு செலவழிப்பதும் நூற்றுக்கு 25 போலக் குறைவு. எங்கள் ஜூலிக்கு அந்தப் பரிசோதனை செய்யவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. அந்தக் கண்ணில் தெரிவது நடிப்பென்று இனி என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. உண்மையாகவே பசிக்கிற ஒரு பிராணிக்கு, சோறு வைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லப் போகிறேன். அம்மா சொன்னது சரி. வயிற்றில்தான் அடிக்கிறேன்.

குழந்தைக்கு மிட்டாயை மறுத்தால், அது வளர்ந்த பிறகு புரிந்துகொள்ளும் என்று ஓர் ஆறுதல் இருக்கிறது. அம்மாவுக்கு அல்வாவை மறுத்தால், அவள் சண்டையாவது போடுவாள். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அவளுக்குத் தெரியும். மீறித் தின்கிற உரிமையும் அவளுடையது. ஜூலிக்கு இந்த இரண்டும் கிடையாது. நான் செய்தது நன்மை என்று அதற்கு என்றைக்கும் தெரியப் போவதில்லை. அப்படியிருக்க அதன் பசியில் கை வைக்க எனக்கு என்ன அதிகாரம்?

எங்கள் தெருமுனையில் ஒரு நாய் இருக்கிறது. அதற்குப் பருமன் வந்ததில்லை. ஒரு கவளத்துக்கு நாலு தெரு நடக்கிறது, இரண்டு இடத்தில் கடிபடுகிறது. அதன் பசியும் அதன் காலும் அதனுடையவை. ஜூலியிடமிருந்தோ எல்லாவற்றையும் நாம் வாங்கிக்கொண்டோம். கேட்டைப் பூட்டினோம். குட்டி போடாமல் ஆபரேஷன் செய்தோம். எப்போது எழுந்திருப்பது, எப்போது வெளியே போவது என்பதெல்லாம் நம் இஷ்டம். இத்தனையையும் எடுத்துக்கொண்டு, "போதும்" என்று சொல்கிற பொறுப்பை மட்டும் அதன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? கேட்டைப் பூட்டிய அன்றே அதுவும் நம்மிடம் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் தேசத்தில் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், சொந்தக்காரன் போதிய தீனியும் தண்ணீரும் கொடுக்காவிட்டால் குற்றம் என்கிறது. அதிகமாகக் கொடுப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் அப்படியொரு குற்றம் யாருக்கும் தோன்றியிராது. இங்கிலாந்தில் 2007-ல் ஒரு கோர்ட்டில் இரண்டு சகோதரர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்களுடைய லாப்ரடார் எழுபது கிலோவுக்கு மேல் பருத்து, எழுந்து நடக்கத் திணறியது. முன்பே எச்சரித்தும் அவர்கள் கேட்கவில்லை. தேவையில்லாத வேதனை உண்டாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் அதை அடித்ததாகவோ பட்டினி போட்டதாகவோ யாரும் சொல்லவில்லை. கடுமையான தண்டனையும் கிடையாது. அதைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. என் மேஜை இழுப்பறைதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது சாதாரணக் காரியம். டாக்டரே அம்மாவுக்கு ஒரு வழி சொன்னார். காலையில் அளக்கிற அளவிலிருந்தே ஒரு பிடியைத் தனியே எடுத்து அம்மாவின் எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுவது. பகலில் எப்போது வேண்டுமானாலும் அவள் தன் கையால் கொடுத்துக்கொள்ளலாம். டப்பா தீர்ந்தால் தீர்ந்தது. கை ஓயவில்லை, கணக்கும் கெடவில்லை. அதில் வெள்ளரித் துண்டும் அவித்த பீன்ஸும் சேர்ந்தன. மாதம் ஒரு தடவை எடை. விடிவதற்கு முன்னால், தார்ரோடு சுடுவதற்கு முன்னால், நடை. நடையினால் மட்டும் நாய் இளைத்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒன்றிரண்டு பிஸ்கட்டின் சூடுதான் செலவாகும். ஆனால் நடக்கிற நாய் இழுப்பறைக்கு வருவதில்லை.

இப்போது ஜூலி 33 கிலோ. ஒன்பது மாதம் ஆயிற்று. மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவுகிறது. என் எழுத்து பாதியாகக் குறைந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியர்களிடமிருந்து நினைவூட்டல்கள் வருகின்றன.

டாக்டர் போன வாரம் மேலேயிருந்து பார்த்து, "இடை வந்துடுச்சு, சார்" என்று சந்தோஷப்பட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜூலியைப் பக்கத்தில் கூப்பிட்டு, விலாவின் மேல் கையை வைத்து மேலும் கீழும் தடவினாள். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டிருக்கும்.

"எலும்பாப் போச்சேடி, எங்கண்ணு" என்றாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள். அது காலியாக இருந்தது. ஜூலி டப்பாவைப் பார்த்தது; அம்மா என்னைப் பார்த்தாள். நான் சங்கிலியைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.